முப்பத்தெட்டு ரோஸ் அட்டைகள்

ஓய்வுபெற்ற பதின்மூன்று ஆண்டுகளில் என் பழைய வேலையிடத்திலிருந்து எனக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்திருக்கின்றன. முதலாவது, ஓய்வூதியப் படிவத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டதற்கு. இரண்டாவது, டாக்டர் ஹார்வுட் இறந்ததைச் சொல்ல. மூன்றாவது சென்ற மாதம்.

பேசியவர் ஹன்னா என்ற இளம் ஆய்வாளர். எங்கள் எகிப்துக் கல்வெட்டு அட்டைகள் எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டார்களாம். அலுமாரிகள் நகருக்கு வெளியே ஒரு களஞ்சியத்துக்குப் போகின்றனவாம். இனிக் கேள்வியைத் தட்டினால் விடை வரும். பிறகு கேட்டார்: "கே.ஆர். என்று கையெழுத்திட்ட அட்டைகள் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு இருக்கின்றன. இந்தப் பிரதியாளர் பதிவு வைக்காமல் அட்டைகளை எடுத்தவர், நம்பத்தகாதவர் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. அதனால் அவருடைய எல்லா அட்டைகளுக்கும் எச்சரிக்கைக் கொடி போட்டிருக்கிறோம். அந்தக் காலத்து ஆட்களில் நீங்கள்தான் எங்களுக்கு அகப்பட்டீர்கள். குறிப்பு சரிதானா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பத்தொன்பது வருடங்களாக யோசித்து முடித்துவிட்டேன்.

எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரும்படி தம்பிமார் இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். பெட்ரோல் நிலையத்து ஷிப்ட் கதையை எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதை எழுத நூறு பேர் உண்டு. நான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் கணிதம் படிப்பித்தேன். லண்டனுக்கு வந்து நாலு வருடம் பெட்ரோல் நிலையத்தில் நின்றேன். பிறகு பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன்: 'அட்டைக் கணக்காளர் தேவை, பொறுமை அவசியம், மொழியறிவு அவசியமில்லை.' மத்திய லண்டனில் ஒரு பழைய கட்டடம். மூன்றாம் மாடிக்கு அறுபத்தொரு படிகள். அங்கே பண்டைய எகிப்து மொழியின் செயப்பாட்டு வினைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் தயாராகிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் அந்த அறையில் இருந்தேன்.

நமக்கு வினை சொல்லித்தரும்போது 'செய்' என்ற சொல்லை எடுப்பார்கள். எகிப்து மொழியைப் படிப்பிப்பவர்கள் 'கேள்' என்ற சொல்லை எடுக்கிறார்கள். ஒரு காதும் பக்கத்தில் ஓர் ஆந்தையும் வரைந்தால் அந்தச் சொல். 'கேட்கப்படுகிறான்' என்று ஆக்க வேண்டுமானால், வினையை அடுத்து ஒரு சிறு ரொட்டியும் ஒரு காடைக் குஞ்சும் வரும். இது சுலபமான வகை. ரொட்டியும் குஞ்சும் இல்லாமலே செயப்பாட்டு வினையாகிற இன்னொரு வகை உண்டு. எழுத்தில் அது பல நேரம் செய்வினை போலவே இருக்கும். முன்னும் பின்னும் வாசித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். செய்தவர் யார் என்று சொல்ல விரும்பினால், ஒரு நாணல் இலையும் ஒரு நீரலைக் கோடும் எழுதி அதற்குப் பின் பெயரை எழுதுவார்கள். நம்முடைய 'ஆல்' போல. ஆனால் பெயருக்கு முன்னால் வரும். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள்.

இதெல்லாம் டாக்டர் ஹார்வுட் எனக்கு முதல் வாரம் சொன்னது. அவர் எங்கள் தலைவர். உயரமானவர், குரல் உயராதவர். தேநீர் குடிக்கமாட்டார், வெந்நீர் குடிப்பார். தினமும் காலை பத்து மணிக்கு அலுமாரியின் இழுக்கும் லாச்சிகளிலிருந்து பத்து அட்டைகளை எழுந்தமானமாக, கைக்கு வந்தபடி உருவுவார். அவற்றை எழுதியவர் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சத்தமாக வாசிப்பார். பிழை இருந்தால் ஏசமாட்டார். கையிலிருக்கும் பென்சிலை அட்டைக்குச் சமாந்தரமாக மேசையில் வைப்பார். அவ்வளவுதான். பென்சில் கீழே போன நாளில் அந்த அட்டைக்காரர் மத்தியானம் சாப்பிடமாட்டார். என்னைப் பற்றி அவர் ஒரு வசனம் சொல்வதுண்டு: "சிவத்தின் எண்ணிக்கை பிழைக்காது." இருபத்தாறு வருடத்தில் அதைப் பதினான்கு முறை சொல்லியிருக்கிறார்.

வேலையின் முறையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஒரு கல்வெட்டு வசனத்துக்கு ஓர் அட்டை. நடுவில் எகிப்திய எழுத்துகளைப் பிரதியாளர் கையால் வரைவார். அட்டையின் ஓரங்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு கேள்வி. மேலோரத்து ஐந்தாம் துளையின் கேள்வி: செய்தவர் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா? ஆம் என்றால், அந்தத் துளையை ஓரம்வரை வெட்டித் திறந்துவிடுவோம். எண்ண வேண்டிய நாளில் நீண்ட கம்பியூசி ஒன்றை லாச்சியிலுள்ள எல்லா அட்டைகளின் ஐந்தாம் துளைக்குள்ளும் செலுத்தித் தூக்கிக் குலுக்குவேன். வெட்டியவை கீழே விழும். வெட்டாதவை ஊசியில் தொங்கும். விழுந்தவற்றை முன்னிருந்து இரண்டு தரம், பின்னிருந்து ஒரு தரம் எண்ணுவேன். மூன்றும் ஒத்தால்தான் எழுதுவேன்.

பிரதியாளர் ஓர் அட்டையைத் தன் மேசைக்கு எடுத்துப் போனால், அந்த இடத்தில் ஒரு ரோஸ் அட்டையைச் செருக வேண்டும். அதில் அட்டை இலக்கம், துளை விபரம், தன் முதலெழுத்து, தேதி. ரோஸ் அட்டையில் துளை கிடையாது. ஊசி முட்டி நின்றுவிடும். ஆகவே எண்ணுமுன் ரோஸ் அட்டைகளை உருவி வெளியே வைத்துவிட்டு, எண்ணியபின் அவற்றிலுள்ளதையும் கூட்டிக்கொண்டு, திரும்பச் செருகுவேன். பதிவில்லாமல் அட்டை எடுப்பது அந்த அறையில் மிகப் பெரிய குற்றம்.

கே.ஆர். என்பது கல்யாணி ராகவன். கும்பகோணத்துக்காரர். ஓவிய ஆசிரியையாக இருந்தவர். கணவர் இங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர். நான் சேர்ந்து மூன்றாம் வருடம் பிரதியாளராக வந்தார்.

"நீங்க தமிழா சார்?"

"ஓம். யாழ்ப்பாணம்."

"அப்பாடா, பேச ஒரு மனுஷர் கெடச்சார். இந்தக் காக்கா குருவியையெல்லாம் எப்படி சார் எண்ணறீங்க?"

"காகம் இல்லை. அது கழுகு. பறவையள் மட்டும் ஐம்பதுக்கு மேலை இருக்கு. ஒண்டை மாறிக் கீறினால் டாக்டர் பென்சிலைக் கீழை வச்சிடுவார்."

"வெச்சா என்ன, எடுத்துக் குடுத்துடலாம்" என்று சிரித்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகும் என் பேச்சில் பாதி அவருக்கு விளங்கவில்லை. "உங்க தமிழுக்கு எகிப்து பாஷையே தேவலாம் சார். அதுக்காவது அகராதி இருக்கு" என்பார்.

அவர் கை வேறு கை. மற்றப் பிரதியாளர்கள் எழுத்தைப் பார்த்து வரைவார்கள். அவர் உளி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்து வரைவார். பதினேழு வருடத்தில் அவருடைய அட்டைக்குப் பென்சில் கீழே போனது இரண்டே தரம்.

எங்கள் நூலின் ஓர் அதிகாரம் ஒரே கல்லறைத் தோட்டத்துக் கல்வெட்டுகளைப் பற்றியது. கற்கள் தேய்ந்தவை. பழைய படங்களில் வரி முடிவுகள் தெரியவில்லை. அதனால் 'செய்தவர் பெயர் இல்லை' என்றே அட்டைகள் போட்டிருந்தோம். பிறகு, பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து எடுத்த புதிய படங்கள் வந்தன. கல்யாணி முப்பத்தெட்டு அட்டைகளைத் திரும்ப வரைய எடுத்தார். ஒவ்வொன்றாகப் பெயர்கள் வெளிவந்தன. ஒரு கல்லோடு மட்டும் பதினொரு நாள் இருந்தார். வலது மூலை முழுவதும் தேய்வு. படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார். ஜன்னலில் ஒட்டிப் பார்த்தார். கோடு எது, கல்லின் கீறல் எது என்று ஒரு மெல்லிய தாளில் இரண்டு நிறத்தில் பிரித்தார். பதினோராம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. நாணல் இலை. கீழ அலை. அப்புறம் வாத்து, ரொட்டி. வாத்தும் ரொட்டியும் சேந்தா மகள். இந்தக் கல்லை வெச்சது மகள் சார்! பையன்தான் வெச்சிருப்பான்னு எல்லாரும் நெனச்சிண்டிருந்தாங்க."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அன்றைக்கே முப்பத்தெட்டு ரோஸ் அட்டைகளிலும் 'ஐந்தாம் துளை: வெட்டு' என்று எழுதினார். அதையும் பார்த்தேன். முப்பத்தெட்டு வரைபடங்களும் முடிந்தபின்தான் கட்டாக டாக்டரிடம் போகும், அது முறை. அதுவரை அந்தக் கண்டுபிடிப்பு எண்ணிக்கைக்குள் வர ஒரே வழி ரோஸ் அட்டை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் அந்த அதிகாரம் அச்சுக்குப் போக வேண்டும். கடைசி எண்ணிக்கை என் வேலை. ரோஸ் அட்டைகளை உருவினேன். முப்பத்தெட்டு. அலுமாரி மேல் வைக்கப்போகும்போது தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தது. உதிரித் தாளை வெளியில் விட்டுப் போகக்கூடாது என்பது சட்டம். அட்டைகளைத் தடித்த குளிர்க் கோட்டின் உட்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

தெருவில் ஒத்திகைப் பொறுப்பாளர் எங்களை எண்ணினார். நாற்பத்தொன்று என்றார். நாற்பத்திரண்டு என்றேன். திரும்ப எண்ணி நாற்பது என்றார். நான் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணிக் காட்டினேன். அவர் "நீங்கள் உங்களை எண்ணிவிட்டீர்களா?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் கழித்து மேலே வரும்போது என் தலை முழுக்க அந்த மனிதன்தான். கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டேன். ஊசியைச் செலுத்தினேன். முட்டவில்லை, சீராகப் போனது. விழுந்தவை பத்தொன்பது. முன்னிருந்து பத்தொன்பது, திரும்பவும் பத்தொன்பது, பின்னிருந்து பத்தொன்பது. எழுதிக் கொடுத்தேன். லாச்சியைப் பூட்டி முத்திரை வைத்தோம். அடுத்த வாரம் வெயில் வந்தது. தடித்த கோட் வீட்டு அலுமாரிக்குள் போனது.

உண்மையான தொகை ஐம்பத்தேழு.

செப்டெம்பரில் நூல் வந்தது. செய்தவரைச் சொல்லாமல் விடுவதே அந்தத் தோட்டத்தின் வழக்கம் என்று டாக்டர் பன்னிரண்டு பக்கம் வாதாடியிருந்தார். ஒக்டோபரில் வேறொரு நாட்டுப் பேராசிரியரின் கடிதம் வந்தது. அந்தக் கற்களின் முன் தான் நின்றிருப்பதாகவும், பெயர்களைத் தன் கண்ணால் கண்டதாகவும், இவ்வளவு பெயர்கள் எப்படித் தவறின என்றும் கேட்டிருந்தார். டாக்டர் கடிதத்தை நின்றபடி வாசித்தார். பென்சிலை அதற்குச் சமாந்தரமாக வைத்தார்.

கல்யாணி தன் மேசையிலிருந்து முப்பத்தெட்டு அட்டைகளையும் கொண்டுவந்தார். முத்திரை வைத்த லாச்சி என்பதால் அவரால் திருப்பி வைக்க முடிந்திருக்கவில்லை.

"இவற்றை எடுத்தபோது ரோஸ் அட்டை வைத்தீர்களா?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வைத்தேன். முப்பத்தெட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "சிவம்?"

"எண்ணும்போது லாச்சியில் ஒன்றும் இருக்கவில்லை" என்றேன். அந்த நேரம் அதை நான் நம்பினேன். அவர் எழுதியதைக் கண்ணால் பார்த்தவன், என் ஏட்டிலிருந்த எண்ணைத்தான் நம்பினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணைக் குழு என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை குளிர் தொடங்கியது. கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் கோட்டை எடுத்து உதறினேன். உட்பை கனத்தது.

கட்டிலில் இருந்து எண்ணினேன். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டிலும் கே.ஆர்.; முப்பத்தெட்டிலும் தேதி.

பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், அப்போது நிரந்தர வதிவிட விண்ணப்பம் உள்துறையில் கிடந்தது, வேலை போனால் குடும்பம் போய்விடும் என்பது. அது பொய். அனுமதி அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிட்டது. எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம்: அந்த வசனத்தை டாக்டர் இனிச் சொல்லமாட்டார். ஒவ்வோர் அட்டையையும் நாலாகக் கிழித்தேன். நூற்றைம்பத்திரண்டு துண்டுகள். பார்க்கில் நாய்க்கழிவு போடும் தொட்டியில் கொட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அறுபத்தொரு படிகளில் பாதியில் கல்யாணி நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்திப் பாருங்க. உண்மையாவே இல்லையா?"

"இல்லை, மிசஸ் ராகவன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்றுவரை தின்கிறது.

குழு ஒன்பது வரியில் குறிப்பு எழுதியது. முப்பத்தெட்டு அட்டைகளும் சேர்க்கப்படாமல் ஒரு பெட்டியில் போடப்பட்டன. கல்யாணி அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். டாக்டர் அதன்பின் பத்து மணிக்கு அட்டை உருவவில்லை. நான் இன்னும் ஆறு வருடம் எண்ணினேன்.

ஹன்னாவின் அழைப்புக்குப் பிறகுதான் மனைவி ராணிக்கு இதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"அந்த மனிசி எங்கட மூத்தவளுக்குப் பிறந்தநாளுக்குப் பறவை கீறித் தந்தவ."

"ஓம்."

"போய்ச் சொல்லுங்கோ. ஆனால் மன்னிப்புக் கேக்காதேங்கோ. அதையும் அவவிட்டை வாங்கிக்கொண்டு வந்து நிம்மதியா நித்திரை கொள்ளப் போறியளே?"

ஹன்னாவுக்கு நாலு பக்கம் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. என் கடிதத்தைக் குறிப்பாகச் சேர்ப்பார்களாம். ஆனால் அந்தப் பக்கவெளிச்சப் படங்கள் ஈரத்தில் அழிந்துவிட்டன. கற்களைத் திரும்ப மணல் போட்டு மூடிவிட்டார்கள். முப்பத்தெட்டு அட்டைகளையும் வரைந்தவரே பார்த்து, ஒவ்வொன்றும் தன் வாசிப்புத்தான் என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட்டால், அவற்றின் கொடியோடு மற்ற நாலாயிரத்து எழுபத்தெட்டின் கொடியும் எடுக்கப்படும். இல்லாவிட்டால் இருக்கும். பெட்டியிலிருந்தவற்றின் படங்களை அச்சிட்டு அனுப்பியிருந்தார்.

கல்யாணி ரெய்னர்ஸ் லேனில் தனியாக இருக்கிறார், கணவர் இறந்துவிட்டார். கிங்ஸ்பரியிலிருந்து ஒரு தரிப்பு, ரயில் மாறி ஐந்து தரிப்பு. இவ்வளவு பக்கத்தில் பத்தொன்பது வருடம் போகாமல் இருந்திருக்கிறேன்.

கதவைத் தட்டி, "மிசஸ் ராகவன் இருக்கிறாவோ?" என்றேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தார். கண்ணின் நடுப் பார்வை போய்விட்டதாம்; ஓரத்தால்தான் தெரியுமாம்.

"குரலை வெச்சுக் கண்டுபிடிச்சுட்டேன். சிவம் சார். இன்னும் அதே தமிழ்தானா?"

உட்காருமுன் சொல்லத் தொடங்கினேன். கோட், மணி, முப்பத்தெட்டு, படிக்கட்டு, நூற்றைம்பத்திரண்டு. முடிந்தபின் கேட்டார்:

"அப்போ நான் வெச்சிருந்தேன்?"

"வச்சிருந்தனீங்கள். எல்லாம்."

"படிக்கட்டுல கேட்டேனே, அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

நான் தாள்களை எடுத்து விஷயத்தை விளக்கினேன்.

"எனக்குக் கண்ணு தெரியாது சார். வாசிங்க. கேட்டுச் சொல்றேன்."

அப்போதுதான் நான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. இருபத்தாறு வருடம் எண்ணினேன். ஒரு வரி வாசித்ததில்லை.

அவர் சிரித்தார். முன்பு சிரித்த சிரிப்பில்லை. "சரி, படம் சொல்லுங்க. என்னென்ன தெரியறது?"

சொன்னேன். கண், அதன் கீழ் ரொட்டி, குஞ்சு, நாணல் இலை, அலை. அவர் மடியில் விரலால் வரைந்துகொண்டே போனார். முதல் அட்டை சரி என்றார். இரண்டாவதில் நான் ஆந்தை என்றதைக் கழுகு என்று திருத்தினார். தாளைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன், கழுகுதான். முடித்துவிடலாம் போலிருந்தது. மூன்றாவது, பதினொரு நாள் கல்.

"நாணல் இலை, அலை, வாத்து, ரொட்டி" என்றேன்.

விரல் நின்றது.

"வாத்தா? நல்லாத் தெரியறதா?"

"நீங்கள் கீறினது வாத்துத்தான்."

"நான் வரைஞ்சது வாத்துன்னு தெரியும். கல்லுல இருந்தது வாத்தான்னு கேக்கறேன்." கையை மடியிலிருந்து எடுத்துவிட்டார். "இருந்ததுன்னுதான் சார் தோணறது. ஆனா அட்டை வெச்சேன்னும் அன்னிக்கு அப்படித்தான் தோணித்து. நீங்க இல்லேன்னீங்க. கொஞ்ச நாள்ல வெச்ச ஞாபகம் போயிடுத்து. வெக்காம எடுத்துண்டு போன ஞாபகம் வந்துடுத்து. டிராயரை மூடறேன், கையில பென்சில், ரோஸ் கட்டு மேஜையிலயே இருக்கு. அப்படியே தெரியும் எனக்கு. இப்ப வந்து அது நடக்கவே இல்லேங்கறீங்க."

"நடக்கேல்லை."

"அப்ப என் தலைக்குள்ள இருக்கறதுல எது நடந்தது சார்? கல்லுல மகள் இருந்தாளா, நான் ஆசைப்பட்டு வரைஞ்சேனா? உறுதி சொல்லணுங்கறாங்க. யாரை வெச்சு நான் உறுதி சொல்றது?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை, ராணி சொன்னதற்காக அல்ல, கேட்க வாய் வரவில்லை.

கையெழுத்து இல்லாத முப்பத்தெட்டுத் தாள்களையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். "பாத்துப் போங்க சார், வாசல்ல ஒரு படி இருக்கு" என்றார். கதவு என் பின்னால் மூடியது. சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து அவர் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், பூட்டியிருக்கிறதா என்று. திரும்ப இழுத்தார். நான் படியில் நின்று எண்ணினேன். பதினொரு தடவை.